வாசகர் கேள்வி – பதில்: பதப்படுத்திய உடல்களின் முன்னால்

இறந்த மனிதரின் உடல்களைப் பதப்படுத்திக் காட்சிக்கு வைக்கும் நூதனசாலைகளைப் பற்றிச் சென்ற இதழில் நான் எழுதிய சிறு குறிப்புக்கு, மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து எதிர்பாராத அளவு கடிதங்கள் வந்துள்ளன. ஒரே விதமான கேள்விகளை ஒன்றாக்கி, ஏழு கடிதங்களுக்கு இங்கே மறுமொழி எழுதுகிறேன். பெயரை வெளியிட வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால் ஊரை மட்டும் குறிப்பிடுகிறேன்.

கேள்வி: ஜேர்மனியில் இருக்கும் என் மகள் மூன்று மாத விசாவில் என்னை அழைத்திருக்கிறாள். தோலுரித்த மனித உடல்களை வைத்திருக்கும் நூதனசாலை ஒன்றுக்கு என்னையும் பத்து வயதுப் பேரனையும் கூட்டிப் போகப்போவதாகச் சொல்கிறாள். என் கணவர் காலமாகி இன்னும் ஆண்டுத் திவசம் முடியவில்லை. செத்த வீட்டுக்குப் போய்வந்தால் முழுகிய பிறகே வீட்டுக்குள் நுழையும் பழக்கத்தில் வளர்ந்தவள் நான். அங்கே போவது துடக்காகுமா? பிள்ளை பயந்துவிட மாட்டானா?
— வாசகி, கல்லடி

பதில்: சகோதரி, முதலில் துடக்கைப் பற்றிச் சொல்கிறேன். நம்மவர் வழக்கத்தில் துடக்கு உறவின் வழியாக வருவது. இறந்தவர் நமக்கு என்ன முறை என்பதைப் பொறுத்தே அதன் நாட்கணக்கு அமைகிறது. முன்பின் அறியாத ஒருவரின் உடலைக் கண்ணால் கண்டதற்காக எவரும் துடக்குக் காத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. மருத்துவ மாணவர்களாக உடற்கூற்றியல் படித்த காலத்தில் நாங்கள் மாலையில் முழுகிவிட்டுக் கோயிலுக்குப் போய்வந்தோம். வீட்டார் யாரும் மறித்ததில்லை. உங்கள் மனம் கேட்காவிட்டால் திரும்பி வந்ததும் முழுகிவிடுங்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்ப வாசித்தது, ஆண்டுத் திவசம் இன்னும் முடியவில்லை என்ற வரியைத்தான். அந்தக் காட்சிக்கூடங்களில் உடல்கள் படுத்திருப்பதில்லை. தோல் நீக்கப்பட்டுத் தசைகள் வெளித்தெரிய, ஓடுவது போலவும் சதுரங்கம் ஆடுவது போலவும் நிற்கின்றன, அமர்ந்திருக்கின்றன. முகத்தில் தோல் இல்லாததால் இன்னார் என்று அடையாளம் காண முடியாது. பெயரோ வயதோ இறந்த காரணமோ எங்கும் எழுதப்பட்டிருக்காது. ஆயினும் சில ஆண்டுகளுக்கு முன் அப்படியொரு கண்காட்சியில் என்னை நெடுநேரம் நிற்கவைத்தது ஒரு கையின் நகங்கள். தசைகளும் நாண்களும் இழை இழையாகப் பிரித்து வைக்கப்பட்டிருந்த அந்தக் கையில் நகங்கள் மட்டும் இருந்தபடியே இருந்தன. பெருவிரல் நகத்தின் ஓரம் சற்றே உடைந்திருந்தது. மருத்துவனாக எத்தனையோ உடல்களைப் பார்த்த எனக்கே அந்த உடைந்த நகத்தைக் கடந்து போகச் சிறிது நேரம் பிடித்தது. கணவரை இழந்து ஓராண்டு ஆகாத நிலையில் அப்படியொன்று உங்கள் கண்ணில் பட்டால் தாங்குவது கடினம். ஆகவே இம்முறை, 'நீங்கள் போய்வாருங்கள், நான் வாசலில் இருக்கிறேன்' என்று மகளிடம் சொல்லிவிடுங்கள். இன்னொரு முறை போக நேர்ந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

பேரன் போகலாம் என்பதே என் எண்ணம். போவதற்கு முன்தினமே, அங்கே இருப்பவை உண்மையான மனிதரின் உடல்கள் என்றும், தாங்கள் இறந்த பின் பிறர் பார்த்துப் படிக்கட்டும் என்று அவர்களே எழுதிக் கொடுத்தவை என்றும் அவனிடம் சொல்ல வேண்டும். 'பொம்மை, பயப்படாதே' என்று மட்டும் சொல்ல வேண்டாம். பிள்ளைகள் அந்தப் பொய்யை வாசலிலேயே கண்டுபிடித்து விடுவார்கள், பிறகு நாம் சொல்லும் எதையும் நம்பமாட்டார்கள். கருவிலேயே இறந்த சிசுக்களைப் பெரும்பாலும் தனி அறையில் வைத்திருப்பார்கள். அந்த அறைக்குள் அவனைக் கூட்டிப்போகத் தேவையில்லை. போதும் என்று அவன் சொல்லும்போது, அரை மணி நேரம்கூட ஆகாவிட்டாலும், வெளியே வந்துவிட வேண்டும்.

கேள்வி: நாங்கள் உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறோம். அந்த உடல்கள் உண்மையானவை என்றால் ஏன் அழுகுவதில்லை? மணமும் இல்லை என்கிறார்களே?
— மாணவர் சிலர், கல்முனை

பதில்: தம்பிமாரே, இறந்த உடலை அழிப்பவை இரண்டு: கலங்களுக்குள்ளேயே இருக்கும் நொதியங்களும், குடலிலும் வெளியிலும் இருக்கும் பற்றீரியாக்களும். இரண்டுக்கும் நீர் வேண்டும். நீரை எடுத்துவிட்டால் அழிவு நின்றுவிடும் என்பதை எகிப்தியர் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தார்கள்; நேற்றன் என்ற இயற்கை உப்பினால் உடலை மூடி, சுமார் நாற்பது நாட்கள் உலரவிட்டார்கள். நம் கரையோரத்தில் கருவாட்டுக்கு உப்பிடும் தத்துவமும் இதுவே. மரியாதைக் குறைவாக இதைச் சொல்லவில்லை. ஓர் உண்மை அரசனின் உடலிலும் சூரை மீனிலும் ஒன்றுபோலவே வேலை செய்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

போமலின் என்ற இரசாயனத் திரவம் இழையங்களைக் கெடாமல் நிலைப்படுத்தும் என்பதை 1893இல் பேர்டினண்ட் புளும் என்ற ஜேர்மனியர் கண்டறிந்தார். மருத்துவ பீடங்களில் இன்றும் அதுவே பயன்படுகிறது. கண்ணை எரிக்கும் அந்த மணம் அதனுடையது. நீங்கள் கேட்கும் முறையை, ஹைடல்பேர்க் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய குந்தர் வொன் ஹாகென்ஸ் 1977இல் கண்டுபிடித்தார். முதலில் நாடிகளின் வழியே போமலின் செலுத்தி அழுகலை நிறுத்துகிறார்கள். வேண்டாத தோலையும் கொழுப்பையும் கத்தியால் அகற்றிய பின், உறைநிலைக்கும் வெகு கீழே குளிர்ந்த அசற்றோன் என்ற கரைப்பானில் உடலை அமிழ்த்துகிறார்கள். அசற்றோன் நீரோடு கலக்கும், கொழுப்பையும் கரைக்கும். ஆகவே கலங்களில் இருந்த நீர் மெல்ல மெல்ல வெளியேறி அந்த இடத்தில் அசற்றோன் நிரம்புகிறது. அடுத்துத் திரவ நிலையிலுள்ள சிலிக்கோன் றப்பர் என்ற பல்பகுதியத்தில் உடலை இட்டு, மேலே வெற்றிடம் உண்டாக்குகிறார்கள். அமுக்கம் குறையக் குறைய அசற்றோன் குறைந்த வெப்பநிலையிலேயே கொதித்துக் குமிழிகளாக வெளியேறும். அது விட்டுச் சென்ற வெற்றிடத்துக்குள் பல்பகுதியம் இழுபட்டு நுழையும். கொதிநிலை அமுக்கத்தோடு மாறும் என்று பௌதிகப் பாடத்தில் படித்ததை இங்கே நினைத்துப் பாருங்கள், முழு முறையும் விளங்கிவிடும். உடல் இன்னும் வளையக்கூடியதாக இருக்கும்போதே ஊசிகளாலும் கம்பிகளாலும் வேண்டிய நிலையில் நிறுத்தி, இறுதியில் வாயுவினால் இறுகச் செய்கிறார்கள். ஒரு முழு உடலுக்குச் சுமார் 1,500 மணி நேர வேலையும், ஏறத்தாழ ஓராண்டும் பிடிக்கும்.

இரத்தக் குழாய்களை மட்டும் காட்டும் மாதிரிகள் வேறு. குழாய்களுக்குள் நிறமூட்டிய பல்பகுதியத்தைச் செலுத்தி இறுகவைத்துவிட்டு, சுற்றியுள்ள இழையத்தையெல்லாம் கரைத்து நீக்கிவிடுகிறார்கள். அவ்வாறு செய்த சிறுநீரகம் ஒன்று, பாசிக்குடாவில் நீருக்கடியில் தெரியும் முருகைக்கல்லைப் போலச் செந்நிறக் கிளைகளாகப் படர்ந்திருந்தது. அதைப் பார்த்த பிறகே, நுண்குழாய்களைப் பற்றிப் பல ஆண்டுகள் படித்தும் அவற்றின் செறிவை நான் மனத்தில் கண்டதில்லை என்பது எனக்குத் தெரிந்தது.

கேள்வி: வெளிநாட்டில் தொழில் செய்த காலத்தில் காசு கொடுத்து அப்படியொரு கண்காட்சியைப் பார்த்தேன். அவை சிறைக் கைதிகளின் உடல்கள் என்று பின்னர் ஒரு நண்பர் சொன்னார். அன்றிலிருந்து மனம் சரியில்லை. நான் செய்தது பிழையா?
— வாசகர், தம்பிலுவில்

பதில்: தெரியாமல் போனது பிழையாகாது. ஆனால் உங்கள் மனம் உறுத்துவதில் நியாயம் இருக்கிறது, அந்த உறுத்தலை நான் ஆற்றிவிட விரும்பவில்லை. இத்தகைய கண்காட்சிகளை நடத்துவோர் பலர். எல்லாரும் ஒரே வழியில் உடல்களைப் பெறுவதில்லை. வொன் ஹாகென்ஸின் ஏற்பாட்டில், உயிரோடு இருக்கும்போதே எழுத்தில் சம்மதம் தருவோருக்கான பதிவு 1980களின் தொடக்கத்திலேயே ஆரம்பமானது. பல்லாயிரம் பேர் பதிந்திருக்கிறார்கள், தம் உடலையும் அவ்வாறே செய்ய வேண்டும் என்று அவரே கூறியிருக்கிறார். அமெரிக்காவில் வேறொரு நிறுவனம் நடத்திய கண்காட்சியின் உடல்களோ சீனப் பொலிஸாரிடமிருந்து வந்தவை. இறந்தவரோ குடும்பத்தாரோ சம்மதித்ததற்கான ஆவணம் இல்லை. அவர்கள் மரண தண்டனைக் கைதிகள் அல்லர் என்பதைத் தன்னால் உறுதிப்படுத்த முடியாது என்று வாசலிலேயே எழுதிவைக்கவும், உண்மை தெரிந்திருந்தால் வந்திருக்கமாட்டோம் என்பவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கவும் அந்த நிறுவனம் 2008இல் நியூயோர்க் சட்டமா அதிபரிடம் உடன்பட நேர்ந்தது. 2009இல் பரிஸில் நடந்த இன்னொரு கண்காட்சியை நீதிமன்றம் இடைநடுவில் மூடச் செய்தது. மனித உடலின் எச்சங்கள் மதிப்போடும் கண்ணியத்தோடும் நடத்தப்பட வேண்டும் என்ற சட்டத்தின்படி 2010இல் பிரான்ஸின் உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

நீங்கள் பார்த்தது எந்த வகையைச் சேர்ந்தது என்பதை நுழைவுச்சீட்டிலோ கையேட்டிலோ உள்ள நடத்துநரின் பெயரைக் கொண்டு தேடிப் பார்க்கலாம். இனி எங்கே போனாலும், சீட்டு வாங்குமுன் ஒரு கேள்வியைக் கேளுங்கள்: இவர்கள் தாமாகச் சம்மதித்தார்களா? 'சட்டப்படி பெறப்பட்டவை' என்ற மறுமொழி போதாது. உரிமை கோராத உடலைச் சட்டப்படி பெறலாம். அந்த மனிதரிடம் யாரும் எதையும் கேட்டிருக்கமாட்டார்கள்.

கேள்வி: கோவாவில் புனித பிரான்சிஸ் சவேரியாரின் உடலைத் தரிசித்து வந்தோம். அதையும் நூதனசாலைப் பொருளைப் போலத்தான் பார்க்க வேண்டுமா என்று என் மருமகன் கேட்கிறார்.
— வாசகி, புளியந்தீவு

பதில்: சவேரியார் 1552 டிசம்பர் 3ஆம் திகதி சீனக் கரையோரத் தீவொன்றில் இறந்தார். சுண்ணாம்பு இட்டுப் புதைத்த உடலை மலாக்காவுக்கும், 1554இல் கோவாவுக்கும் கொண்டுவந்தார்கள். பத்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் தரிசனம் கடைசியாக 2024 நவம்பரில் தொடங்கி 2025 ஜனவரியில் முடிந்தது. மருமகனிடம் இப்படிச் சொல்லுங்கள், அம்மா: நூதனசாலையில் பெயரில்லாத உடலிடமிருந்து உடலைப் பற்றிக் கற்கிறோம், கோவாவில் பெயரறிந்த ஒருவரின் முன்னால் நின்று செபிக்கிறோம். எனினும், அவரது வலக்கையின் ஒரு பகுதியை 1614இல் வெட்டி எடுத்து உரோமைக்கு அனுப்பினார்கள் என்பதை வாசிக்கும்போது எனக்கு இன்றும் வருத்தமே உண்டாகிறது. பக்தியோடு செய்தாலும் வெட்டியது வெட்டியதுதான்.

கேள்வி: கெய்ரோவில் அல் அஸ்ஹரில் படிக்கும் என் மகன், நூதனசாலையில் பிர்அவ்னின் உடலைப் பார்த்ததாகச் சொன்னார். அது மூஸா நபி காலத்துப் பிர்அவ்ன்தானா? ஜனாஸாவை விரைந்து அடக்கும் வழக்கமுடைய நமக்கு, இப்படி வைத்திருப்பதைப் பார்க்கவே மனம் கூசுகிறது.
— வாசகர், அக்கரைப்பற்று

பதில்: பிர்அவ்ன் என்பது பண்டைய எகிப்திய மன்னர்களின் பட்டப்பெயர். அந்த மன்னரின் இயற்பெயர் குர்ஆனிலும் இல்லை, பைபிளிலும் இல்லை. இரண்டாம் ராம்சேஸ் என்றும் அவரது மகன் மெர்னெப்தா என்றும் பலர் சொல்வது ஊகமே. மெர்னெப்தாவின் உடலில் உப்புப் படிந்திருப்பதைக் கடலில் மூழ்கியதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். ஆனால் நேற்றன் உப்பில் உலர்த்தாத அரச உடல் எகிப்தில் இல்லை. உங்கள் ஈமானுக்கு அந்த உப்பின் சாட்சி தேவையுமில்லை.

இவ்விருவருடையவை உட்பட 22 அரச உடல்களை 2021 ஏப்ரல் 3ஆம் திகதி அரச மரியாதையுடன் ஊர்வலமாகக் கொண்டுசென்று, புஸ்தாத் பகுதியிலுள்ள புதிய நூதனசாலையில் மங்கிய வெளிச்சத்தில் வைத்திருக்கிறார்கள். படமெடுக்க அனுமதி இல்லை. உங்கள் மனக்கூச்சம் எகிப்தியரிடமும் இருந்தது. அன்வர் சதாத் ஜனாதிபதியாக இருந்தபோது பழைய நூதனசாலையின் அரச உடல் மண்டபத்தை மூடச் செய்தார். 1994இல்தான் அது திரும்பத் திறந்தது. கொரோனாக் காலத்தில் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டதையும், 2021 மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியபோது தூர ஊர்களிலிருந்து பிள்ளைகள் வாப்பாமாரின் உடலோடு வந்து நின்றதையும் அறிந்த மாவட்டம் நம்முடையது. ஓர் உடல் மண்ணுக்குப் போகாமல் நிற்பது எத்தகைய வேதனை என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மகன் பார்த்தது குற்றமில்லை; அங்கே குரலைத் தாழ்த்தி நின்றிருப்பார் என்று நம்புகிறேன்.

கேள்வி: வேடர்களின் மண்டையோடுகள் வெளிநாட்டு நூதனசாலைகளில் இருந்தன என்று கேள்விப்பட்டேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் அந்தச் சமூகத்துப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். இதை அவர்களுக்கு எப்படிச் சொல்வது?
— ஆசிரியை, வாகரை

பதில்: இந்த இதழுக்கு வந்தவற்றில் என்னை மிகவும் பாதித்த கடிதம் இது. ஐரோப்பியர் உலகெங்கும் மனித இனங்களை அளந்து தரம்பிரிக்க முற்பட்ட காலத்தில், தொன்மையான குடிகளின் எலும்புகள் அவர்களுக்கு ஆய்வுப் பொருளாயின. சுவிற்சர்லாந்தின் பேசல் நகரத்தைச் சேர்ந்த பவுல் சரசின், பிரிட்ஸ் சரசின் ஆகிய இருவரும் 1880களில் இலங்கைக்கு வந்து வேடர்களை ஆராய்ந்ததோடு எலும்புக்கூடுகளையும் சேர்த்துக் கொண்டுபோனார்கள். ஸ்கொட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் ஒன்பது மண்டையோடுகள் இருந்தன. அவை இருநூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்டவை. 2019 நவம்பரில் வேடர் தலைவர் ஊருவரிகே வன்னில அத்தோ நேரில் சென்று அவற்றைப் பெற்றுக்கொண்டார்.

பிள்ளைகளுக்கு இதைத் திரும்பி வந்த கதையாகவே தொடங்கிச் சொல்லுங்கள். தங்கள் மூதாதையரை அளந்து பார்த்தார்கள் என்பது முதலில் காதில் விழுந்தால் பிள்ளை கூசிப்போகும்; நம்மவர் ஒருவர் கடல் கடந்து போய்க் கூட்டிவந்தார் என்பது முதலில் விழுந்தால் நிமிர்ந்து கேட்கும். பிறகு மற்றதையும் மறைக்காமல் சொல்லலாம். தென்னாபிரிக்காவின் சாரா பார்ட்மன் என்ற பெண்ணின் கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: உயிரோடு இருந்தபோதே ஐரோப்பாவில் காட்சிக்கு வைக்கப்பட்டு 1815இல் பரிஸில் இறந்த அவரின் எலும்புகள் 1974 வரை அங்கே மக்கள் பார்வைக்கு இருந்தன, 2002இல்தான் சொந்த மண்ணில் அடக்கம் செய்யப்பட்டார். உங்கள் வகுப்பிலுள்ள கரையோர வேடர் பிள்ளைகள் தமிழ் பேசுபவர்கள், வேடர் தலைவர் வாழும் தம்பானையைக் கண்டிராதவர்களாகவும் இருக்கலாம். எனவே அவர்களை எழுப்பி நிறுத்தி, 'இது உங்கள் ஆட்களின் கதை' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். வகுப்பு முழுவதற்கும் உரிய கதையாகச் சொல்லுங்கள்.

கேள்வி: எனக்கு 74 வயது. இறந்த பின் என் உடலை மருத்துவ மாணவர்களுக்குக் கொடுக்க விரும்புகிறேன். மூத்த மகன், 'அப்பாவைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காட்டவா?' என்று கோபிக்கிறான்.
— வாசகர், களுவாஞ்சிகுடி

பதில்: ஐயா, மகனின் அச்சத்தை முதலில் நீக்குங்கள். நம் நாட்டு மருத்துவ பீடங்களுக்குக் கொடுக்கும் உடல் மாணவர் படிப்பதற்கு உரியது. சீட்டு விற்றுப் பொதுமக்களுக்குக் காட்டும் கண்காட்சிக்குப் போவதில்லை. 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம் இத்தகைய தானத்துக்கு வழிசெய்கிறது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சௌக்கிய பராமரிப்பு விஞ்ஞானங்கள் பீடம் மட்டக்களப்பிலேயே இருப்பதால் நீங்கள் தூரம் போக வேண்டியதில்லை. அங்கே உடற்கூற்றியல் துறையில் விசாரித்துப் படிவம் பெறுங்கள். பிரேதப் பரிசோதனை செய்த உடலையும் சில தொற்று நோய்களால் இறந்தவரின் உடலையும் பொதுவாக ஏற்பதில்லை, தாமதமின்றி ஒப்படைக்கவும் வேண்டும். இவற்றை வீட்டார் முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது.

மகனுக்கு நான் சொல்ல விரும்புவது வேறு. அயர்லாந்தில் பிறந்த சார்ள்ஸ் பேர்ன் என்ற மிக உயரமான மனிதர், தம் உடல் அறுவை மருத்துவர் கையில் அகப்படக் கூடாது, கடலில் இறக்கிவிடுங்கள் என்று கேட்டுவிட்டு 1783இல், தமது 22ஆவது வயதில் இறந்தார். ஆயினும் ஜோன் ஹன்டர் என்ற அறுவை மருத்துவர் காசு கொடுத்து அந்த உடலைக் கைப்பற்றினார். இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக இலண்டனில் காட்சியில் நின்ற அந்த எலும்புக்கூடு, 2023இல் நூதனசாலை திருத்தித் திறக்கப்பட்டபோதுதான் மக்கள் பார்வையிலிருந்து எடுக்கப்பட்டது. வேண்டாம் என்று சொன்னவரின் சொல்லை மீறியது எவ்வளவு அநியாயமோ, கொடுக்கிறேன் என்று சொல்பவரின் சொல்லைப் பிள்ளைகள் மீறுவதும் அதே அநியாயந்தான்.

நாங்கள் எட்டுப் பேர் சேர்ந்து படித்தது ஒரு வயதான பெண்ணின் உடலில். எங்களுக்கு அவரது பெயரைச் சொல்லவில்லை. முதல் நாள் முகத்தின் துணியை விலக்கியபோது காதுச் சோணையில், பல காலம் தோடு அணிந்து நீண்டுபோன துவாரம் தெரிந்தது. எங்களில் ஒருத்தி தன் அம்மம்மாவின் காது இப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டு அழுதாள். அதன் பிறகு அந்த மேசையைச் சுற்றி யாரும் உரக்கச் சிரித்ததில்லை. படிப்பு முடிந்ததும் எலும்பொன்றும் விடுபடாமல் சேர்த்து, பூ வைத்து, அவரவர் சமயப்படி பிரார்த்தித்து அனுப்பினோம். நம் நாட்டு மருத்துவ பீடங்கள் பலவற்றில் உடல் தந்தவர்களுக்காக மாணவர்கள் கூடி நினைவு வழிபாடு செய்வது இன்றும் வழக்கம். அப்படியொரு நாளில் மகனைக் கூட்டிப்போக முடியுமா என்று துறையில் கேட்டுப் பாருங்கள். படிவத்தில் நெருங்கிய உறவினர் ஒப்பமிடும் இடத்தை மற்றப் பிள்ளைகளைக் கொண்டு அவசரமாக நிரப்பிவிட வேண்டாம். மறுத்த மகனே ஒப்பமிடும் வரை பொறுத்திருங்கள்.